இந்த நத்தாருக்கு வெடி வேண்டாம்

நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போங்கள். ஆலய வாசலில் வெடி கொளுத்தாதீர்கள். ஒழுங்கை முனையில் ஸ்பீக்கர் பெட்டியை இறக்காதீர்கள். போத்தலும் கையுமாகக் கடற்கரைக்குப் போகாதீர்கள். பெரியநீலாவணையிலும், வடக்கே பெரியகல்லாறிலும், தெற்கே பாண்டிருப்பு, கல்முனை வரையிலும் இருக்கிற நம் கிறிஸ்தவ வீடுகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நத்தார் வரட்டும், அப்போது பார்ப்போம் என்று இருந்துவிட வேண்டாம். இளைஞர்கள் வெடிக்குக் காசு சேர்க்கிறபோதே பெரியவர்கள் வாய் திறக்க வேண்டும்.

ஒரு வெடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். 2005 நத்தார் இரவில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவியும் காயப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அதே மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் மாண்டார்கள். ஐந்து நாள் கழித்து, இரவில், கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்தது. அங்கேயும் செத்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். யுத்த காலத்து ஷெல்லடியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இத்தனையையும் கேட்ட காதுகள் உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கின்றன. ஒரு கட்டுச் சீன வெடியை நீங்கள் நடுச்சாமத்தில் பற்றவைத்தால் உங்கள் பிள்ளை கைதட்டிச் சிரிக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி எழும்பிப் பேரப்பிள்ளைகளைத் தேடித் தடவுவா.

அதோடு, இந்தக் கரையில் 25ஆம் திகதி இரவு தனியாக வருவதில்லை. பின்னாலேயே 26 வருகிறது. 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. முதல் நாள் பலகாரத் தட்டு இன்னும் மேசையில் இருந்த காலை நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கை முழுவதிலும் அம்பாறை மாவட்டத்தில்தான் ஆகக் கூடிய இழப்பு. 10,000 பேருக்கு மேல். தமிழர், முஸ்லிம் என்று அலை பார்க்கவில்லை. பெரியநீலாவணையில் வீடுகள் போயின, பக்கத்து மருதமுனையில் வீடுகளோடு தறிகளும் போயின. பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், பின்னர் அதைக் குறைத்தார்கள். இதற்கிடையில் எத்தனையோ குடும்பங்கள் மேற்கே தள்ளி, சுவரோடு சுவராக வந்து நெருங்கின. இப்போது நீங்கள் போடுகிற பாட்டு உங்கள் வீட்டோடு நிற்காது. விடிந்தால் பிள்ளையின் படத்துக்கு மாலை போட வேண்டிய தாய் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறா. அவவுக்கு அந்த ஒரு இரவையாவது விட்டுக்கொடுங்கள்.

“மற்றவர்களின் ஒலிபெருக்கியை மட்டும் நாங்கள் பொறுக்க வேண்டுமா?” என்று தம்பிமார் கோபிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் இருக்கிறது. வெலிகாமப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த உத்தரவு எல்லாச் சமயத்தாருக்கும் உரியது. அடுத்தவன் மீறுகிறான் என்றால் முறையிடுங்கள், பேசுங்கள். அவன் மீறுகிற அளவை எடுத்து நம் நத்தாரை அளக்காதீர்கள். மாட்டுத் தொழுவத்தில், இடம் கேட்டு அலைந்த ஏழைகளுக்குப் பிறந்த பிள்ளையின் பிறந்தநாள் இது. அயலவனை நித்திரையால் எழுப்பித்தான் அதை அறிவிக்க வேண்டுமா?

அமைதியாக இருங்கள் என்றால் முகத்தைத் தொங்கப்போட்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிளேன்டீ ஊற்றுங்கள். கேக் வெட்டுங்கள். கட்டாரிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகளோடு பேசுங்கள். புது உடுப்புக்காகக் கடன் எடுக்காதீர்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரனுக்குப் பயந்து அம்மாமார் பின்கதவால் போகிற ஊர் இது. பழைய சட்டையைத் தோய்த்து மினுக்கிப் போட்டாலும் ஆராதனை ஆராதனைதான்.

காலையில் அயலுக்குத் தட்டு அனுப்புவது நம் பெரியவர்கள் வைத்த பழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் ஒரு நேர்மை வேண்டும். நம் நத்தார் கேக்கில் பிராந்தி ஊற்றுவோம். முஸ்லிம் வீட்டுக்குப் போகிற தட்டுக்கு அது இல்லாமல் தனியாக ஒன்று சுடுங்கள். முடியாவிட்டால் வாழைப்பழமும் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் போதும். “கொஞ்சம்தானே, தெரியவா போகிறது” என்று சமாளித்துக் கொடுப்பது அன்பளிப்பு அல்ல, ஏமாற்று.

பின்னேரம் கடலுக்குப் போகிற பொடியன்மாருக்கும் ஒரு சொல். டிசம்பர் மாரிக்கடல் இது, இழுவை கூட. குடித்துவிட்டு இறங்குகிறவனைத் தோளைப் பிடித்து இழுத்து வாருங்கள். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. பிரதான வீதியில் இரண்டு மணிக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளைப் பறக்கவிடுகிறவனின் திறப்பை வாங்கி வையுங்கள். அவன் உங்கள் அண்ணனின் மகன்தான், வெளியாள் இல்லை.

போதகரும் பங்குத்தந்தையும் இதை ஆராதனை முடிவில், கடைசிப் பாட்டுக்கு முன்னால், வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். வெடியை ஏற்கெனவே வாங்கியாயிற்று, கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான் என்று ஒருவர் நிச்சயம் எழும்பிச் சொல்வார். ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போடச் சொல்லுங்கள்.