தோட்டமும் காடும்

முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பாடத்துக்காக ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்திருந்தேன். "ஏனுங் மேடம், பிரசவ வலி ஏவாளுக்குக் குடுத்த தண்டனைன்னா, அதை மாத்தவே முடியாதுங்ளா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அதே வசனத்தின் கடைசியில் கணவனின் ஆளுகையும் வருகிறது. அவள் கேட்டது வலியைப் பற்றி மட்டுமல்ல.

தமிழில் அங்கே பெண்ணுக்கு 'வேதனை'. அடுத்த வசனத்தில் ஆணுக்கு 'வருத்தம்'. எபிரேயத்தில் இருவருக்கும் ஒரே சொல், இத்சாவோன். உடம்பு நோகப் பாடுபடுவதும் அதன் பொருளில் அடக்கம். கரோல் மேயர்ஸ் 1988-இல் எழுதிய நூலில் இந்தக் கதையைப் பண்டைய இஸ்ரவேலின் மலைநாட்டு உழவரோடு சேர்த்துப் படித்தார். கல்லும் சரிவுமான மண், மழையை நம்பிய வெள்ளாமை, ஆள் போதாத வீடுகள். பெண் காட்டு வேலையும் செய்ய வேண்டும், பிள்ளைகளும் நிறையப் பெற வேண்டும். வசனம் பேசுவது அந்த உழைப்பையும் அந்தக் கர்ப்பங்களையும்தான் என்கிறார்.

அன்னூர்க்காரிக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம். எங்களுக்குக் கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வானம் பார்த்தால் காடு. ஏதேனில் ஆறு பாய்ந்தது, அது தோட்டம். அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் முள் முளைக்கும் காடு. அத்திக்கடவுத் தண்ணீர் எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு வந்ததே 2024-இல்தான். என் அம்மாயிக்குக் கடலைக்காட்டில் களை வெட்டும்போதே வலி கண்டது. ஏழு பெற்றதில் நாலு தங்கியது. "வலி ஒரு நாளு கண்ணு. காடு தினமும் இருக்குதல்லோ" என்பார்.

1847-இல் எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். மத ஆட்சேபங்களுக்கு அவர் எழுதிய பதிலும் இந்த எபிரேயச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது: அது உழைப்பைக் குறிக்கிறது, வலியை அல்ல. (ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனை ஆழ்ந்து தூங்கவைத்தார் என்றும் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரர்.)

"அப்ப ஆளுறது?" என்று அவள் விடவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது என்றேன். வரலாற்றைச் சொல்லி அதை அழித்துவிட முடியாது, மழுப்பவும் எனக்கு மனமில்லை. ஆனால் அது முள்ளோடும் நெற்றி வியர்வையோடும் ஒரே பட்டியலில் நிற்கிறது. முள்ளை வெட்டினால் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. வியர்வை குறைய டிராக்டர் வாங்கினவரைச் சபையில் யாரும் கண்டித்ததில்லை.

மறுநாள் அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டாள். இரண்டு பிரதி.