கேட்டவர்க்குச் சொல்லும் பதிலும் அமானிதமே

தெரியாததைப் பிறரிடம் கேட்டு அறிந்துகொள்வது வெட்கப்படத் தக்க காரியமன்று. ஆனால், முன்பின் அறியாத ஒருவரிடம் நமது அன்றாடக் காரியத்தைச் சொல்லி, அவர் கூறியபடி நடப்பது தகுமா? அவ்வாறே முன்பின் அறியாத ஒருவர் நம்மிடம் வந்து கேட்டால், நமக்குள்ள பொறுப்பு எவ்வளவு? வியாபாரிகளாகிய நாம் நாள்தோறும் கல்லாவில் உட்கார்ந்து பொருளோடு சேர்த்துப் பதிலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பொருளுக்குக் கணக்கு எழுதுகிறோம், பதிலுக்கு எழுதுவதில்லை. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வது நலம்.

நான் கடை வைத்திருக்கும் துவாஸ், சிங்கப்பூரின் மேற்குக் கோடி. ஜோகூருக்குச் செல்லும் இரண்டாவது பாலம் 1998இல் இங்கே திறக்கப்பட்டது. 2017இல் ரயில் வந்தது. 2022இல் புதிய துறைமுகம் முறைப்படித் திறந்து வைக்கப்பட்டது. இத்தனை வந்தும், இங்குள்ள பட்டறைகளில் வேலை செய்து விடுதிகளில் தங்கியிருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு இது உற்றார் உறவினர் இல்லாத இடந்தான். அவர் அரிசியும் வெங்காயமும் வாங்க வரும்போது கேள்விகளையும் கொண்டு வருகிறார். “தேக்காவுக்குப் போக ரயிலை எங்கே மாறணும், பாய்?” “சம்பளச் சீட்டிலே இது என்ன பிடித்தம்?” “பல் வலிக்கு எங்கே போறது?” முதற் கேள்விக்கு ஊட்ராம் பார்க் நிலையம் என்று உடனே சொல்லிவிடலாம். மற்றவை அவ்வளவு எளியவையல்ல.

நமது முன்னோர் காலத்தில் இதற்கொரு வழி இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் 1826இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ பள்ளிவாசலைத் தொடங்கினார்கள். கப்பலிறங்கி வந்தவர் அங்கே தொழவும் செய்தார்; ஊர்க்காரரைக் கண்டு விசாரிக்கவும் செய்தார். பதில் சொன்னவர் இன்ன ஊர், இன்னாருடைய மகன் என்பது தெரியும். சொன்னது தவறானால் அடுத்த ஜும்ஆவில் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த வெட்கமே பதிலுக்கு ஒரு காவலாக நின்றது. இன்று என் கடைக்கு வருகிறவருக்கு நான் அந்நியன்; எனக்கு அவர் அந்நியர்.

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்ட ஒரு வாலிபர், “திரும்பி வரும்போது ரூமில இருக்கிறவங்களுக்கு ரெண்டு கட்டு பீடி கொண்டு வரலாமா, பாய்?” என்று கேட்டார். சிங்கப்பூருக்குள் கொண்டுவரப்படும் புகையிலைப் பொருளுக்கு வரிச் சலுகை கிடையாது. கொஞ்சமேயானாலும் சுங்க அதிகாரியிடம் தாமே சொல்லி வரி கட்ட வேண்டும். இது எனக்கு அப்பொழுது திட்டமாகத் தெரியாது. தெரியாதென்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருப்பவன் தெரியாதென்று சொல்வதா என்று ஓர் எண்ணம். “கொஞ்சமாகக் கொண்டு வந்தால் ஒன்றும் கேட்கமாட்டார்கள், தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

வந்திறங்கிய அன்றே விமான நிலையத்தில் அவர் பிடிபட்டார். பீடி போயிற்று, அதற்கு மேல் பல நாள் கூலியும் அபராதமாகப் போயிற்று. பிறகு அவர் வழக்கம்போல் அரிசி வாங்க வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய அறைத் தோழர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் வலியக் கேட்டபோது, “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, பாய். விடுங்க” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது. நான் நல்லதுக்கா சொன்னேன்? நாலு பேருக்கு முன்னால் என் மதிப்புக் குறையாமல் இருப்பதற்காகச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். அபராதத்தில் பாதியை வற்புறுத்திக் கொடுத்தேன். ஆயினும் கணக்குத் தீர்ந்ததாக என் மனத்துக்குத் தோன்றவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சியொன்று ஹதீஸில் வருகிறது. பிரயாணத்தில் இருந்த ஒரு கூட்டத்தாரில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயமாயிற்று. அந்நிலையில் அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட பெருமானார் மிகவும் மனம் வருந்தி, அந்த மரணத்துக்கு அவர்களே பொறுப்பு என்று கண்டித்தார்கள். தெரியாதபோது அவர்கள் கேட்டிருக்கலாகாதா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்பதுதான் என்றும் எடுத்துரைத்தார்கள்.

சகோதரர்களே, இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேட்டவர் மீது பெருமானார் குறை சொல்லவில்லை; அவர் கேட்கத்தானே செய்தார்! துணிந்து சொன்னவர்கள் மீதே குற்றம் விழுந்தது. அவர்கள் தீய எண்ணத்தோடும் சொல்லவில்லை. இருந்தும் கண்டிக்கப்பட்டார்கள். நல்ல எண்ணம் மட்டும் பதிலுக்குப் போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியானால் அந்நியரைக் கேட்கவே கூடாதா? அதுவும் சரியன்று. மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, பெருமானாரும் அபூபக்கர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் இப்னு உறைக்கித் என்பவர். அவர் அப்போது முஸ்லிமல்லர். குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர். பகைவர் தேடிக்கொண்டிருந்த வேளையில், ஒட்டகங்கள் இரண்டையும் அவர் வசம் ஒப்படைத்து, மூன்று இரவுக்குப் பின் தௌர் குகைக்குக் கொண்டு வரும்படி சொல்லியிருந்தார்கள். பாலைவன வழிகளில் அவர் தேர்ந்தவர். நாணயத்தில் நம்பத் தக்கவர். சொன்னபடி வந்தார். ஆகவே ஒருவர் நம்மவரா அல்லரா என்பது கேள்வியன்று. கேட்கிற காரியத்தை அறிந்தவரா, அறிந்ததை மறைக்காமல் சொல்லக் கூடியவரா என்பதே கேள்வி.

அந்நியரிடத்தில் ஒரு வசதியும் உண்டு. சம்பளப் பிடித்தத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்கத் தொழிலாளிக்குப் பயம். சொந்தக்காரரிடம் கேட்டால் மறுநாளே ஊரில் வீட்டுக்குத் தெரிந்து தாயார் கவலைப்படுவார். சம்பந்தமில்லாத ஒருவரிடத்தில்தான் மனிதன் வாய்திறந்து பேச முடிகிறது.

நிற்க. இப்போது இக்கேள்விகளில் பல என் கடைக்கு வருவதில்லை. கைத்தொலைபேசி வழியாக முகமறியாத ஆயிரம் பேருக்கு முன்னால் போகின்றன. இரவு ஷிஃப்டு முடிந்த நேரத்திலும் யாரோ பதில் தருகிறார். ஒருவர் சொன்ன தவற்றை இன்னொருவர் திருத்துகிறார். காசு கொடுக்க வேண்டியதில்லை, நன்மையே. ஆனால் ஒன்று குறைந்துவிட்டது. நான் சொன்ன தவறான பதில் மறுபடியும் என் கடை வாசலில் வந்து அரிசி கேட்டது. தொலைபேசியில் சொன்னவருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. பதிலைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். நம்பி நடந்தவர் என்ன ஆனார் என்று அவர் அறியமாட்டார். எனவே, கேட்பவர் கண்ணுக்கு மறைவாய் இருக்க இருக்கப் பதில் சொல்பவரின் பொறுப்புக் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. மனிதர் பாராத இடத்திலும் பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிற நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேடு நினைப்பவருக்கும் இவ்விடம் வசதியானது. துவாஸ் என்ற பெயரே மலாய் மீனவர்களின் வழக்கிலிருந்து வந்ததென்பர். மரக்கிளைகளையும் தென்னை ஓலைகளையும் கடலில் இட்டு நிழல் உண்டாக்குவார்களாம். நிழலை நாடி மீன்கள் கூடியதும் வலையைப் போட்டு இழுப்பார்களாம். உதவி என்ற நிழலைக் காட்டி வலை வீசுகிறவர்கள் இன்று கரையிலும் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்குக் குறையாது என்று போலீசார் கணக்கு வெளியிட்டனர். வழி கேட்டவரிடம் பேங்க் கணக்கின் இரகசிய எண்ணைக் கேட்கிறவர் வழிகாட்டியல்லர், வலைக்காரர்.

இவ்வளவு கண்டிப்புப் பேசினால் பிறகு யார்தான் வாய் திறப்பார், எனக்கென்ன வம்பு என்று எல்லாரும் ஒதுங்கிவிடமாட்டார்களா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஒதுங்குவதும் பாவந்தான், தெரிந்ததை மறைத்தவரும் கணக்குச் சொல்ல வேண்டியவரே. ஆனால் நமது தொழிலையே பாருங்கள். சரியாக நிறுக்க வேண்டும் என்ற கண்டிப்பினால் யாரும் கடையை மூடிவிடவில்லை. தராசைச் சோதித்து முத்திரை வாங்குகிறோம். இருக்கிற சரக்கைக் கொடுக்கிறோம். இல்லாததை இல்லை என்கிறோம். பதிலுக்கும் அதே முறைதான். நேரில் கண்டதைக் கண்டேன் என்றும், கேள்விப்பட்டதைக் கேள்வி என்றும், ஐந்து வருஷத்துக்கு முந்தியதை அக்காலத்துச் சங்கதி என்றும் பிரித்துச் சொன்னால் அது நிறைந்த அளவு. மூன்றையும் கலந்து உறுதிபோலச் சொன்னால் அது கலப்படம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்து ஒருவர் கேள்வி கேட்டார். அந்தப் பேரறிஞர் தமக்குத் தெரியாது என்று கூறி, ஊருக்குத் திரும்பியதும் மாலிக்குக்குத் தெரியாதென்றே சொல்லும்படி அனுப்பிவைத்தார். அவருக்குக் குறையாத மதிப்பு, மளிகைக் கடைக்காரனாகிய எனக்கா குறைந்துவிடும்!

கேட்பவருக்கும் கடமைகள் உண்டு. உள்ளதை மறைக்காமல் முழுதும் சொல்லிக் கேட்க வேண்டும். பாதி சொன்னால் பாதிப் பதில்தான் கிடைக்கும். வழி தவறினால் திரும்பி வரலாம். ஆனால் பணமோ, வேலை அனுமதியோ, உடல்நலமோ போனால் திரும்புவது கடினம். இவற்றை அந்நியர் சொல்லோடு முடிவு செய்யாமல் உரிய இடத்தில் மறுபடி விசாரிக்க வேண்டும். சம்பளத் தகராற்றுக்கு மனிதவள அமைச்சும் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கின்றன. மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணில் விசாரிக்கலாம். இன்னொன்று: சொன்னபடி நடந்து பலித்ததா, பலிக்கவில்லையா என்பதைச் சொன்னவரிடம் திரும்பி வந்து தெரிவிக்க வேண்டும். அந்த வாலிபர் அன்றே என்னிடம் வந்து சொல்லியிருந்தால், இடையில் கேட்டவர்களுக்கும் நான் அதே பதிலைச் சொல்லியிருக்கமாட்டேன். அவருடைய பெருந்தன்மை எனக்கு இதமாயிருந்தது. அடுத்தவருக்கு அது உதவவில்லை.

இப்பொழுதெல்லாம் என் கடையில் யாராவது தெரியாத ஒன்றைக் கேட்டால், எத்தனை பேர் நின்றாலும், “எனக்குத் தெரியாது தம்பி, தெரிந்த இடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லப் பழகிவருகிறேன். முதலில் நாக்குத் தயங்கிற்று. இதுவரை அதனால் ஒரு வாடிக்கையும் குறையவில்லை.

கல்லாவில் உட்காரும் சகோதரர்கள் இரவில் கணக்கு முடிக்கும்போது, அன்று கொடுத்த பதில்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. நிறுவையில் நேர்மையைத் தந்த வல்ல நாயன், நமது நாவிலும் அதைத் தந்தருள்வானாக! ஆமீன்.