தன் கல் இரண்டு, பிறர் கல் ஆறு

கனடாவில் 1964 முதல் கலப்பு அணிகளுக்கென்றே ஒரு தேசிய கர்லிங் போட்டி நடந்துவருகிறது. மாகாண அளவில் வென்ற அணிகள் அதில் கூடுகின்றன. ஓர் அணிக்கு நான்கு பேர்: இரண்டு ஆண், இரண்டு பெண். ஆணும் பெண்ணும் மாறி மாறித்தான் கல்லை விட வேண்டும். பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விடும் இந்த ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் ஒரு பிரார்த்தனைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கல் ஏறத்தாழ 20 கிலோ. பெயர்பெற்ற கற்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் அய்ல்சா கிரெய்க் என்னும் ஆளில்லாத் தீவிலிருந்து வருகின்றன. என்றோ ஓர் எரிமலையின் வயிற்றில் இறுகிய பாறை அது. அதைக் கடைந்து, அடிப்பக்கத்தைக் குழித்து, மேலே ஒரு கைப்பிடி பொருத்துகிறார்கள். பனித்தளமும் வழவழப்பானதல்ல. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவிடுகிறார்கள். அந்தப் பொடிப் புள்ளிகளின் மேல்தான் கல் மிதந்து போகிறது.

விடுபவர் காலை உந்தி, முழங்கால் மடிந்து, உடல் தரையோடு தாழ, கையை முன்னே நீட்டியபடி வழுக்கி வருகிறார். குறித்த கோட்டுக்குள் பிடியை விட்டுவிட வேண்டும். விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்புவார்கள். அந்த மெல்லிய சுழற்சியால் கல் போகப் போக ஒரு பக்கம் வளைகிறது. ஏன் அப்படி வளைகிறது என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. கல் போய்ச் சேர 20 விநாடிக்கு மேல் ஆகலாம். அத்தனை நேரமும், விட்டவர் செய்யக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை.

செய்த வினை கையை விட்டுப் போனது போனதுதான் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதில் ஒரு கடுமை உண்டு. இளவயதில் அந்தக் கடுமைக்கு நான் அஞ்சியிருக்கிறேன். ஆனால் இங்கே, கல் கையை விட்ட கணத்தில், இரண்டு பேர் துடைப்பத்தோடு அதன் முன்னால் ஓடத் தொடங்குகிறார்கள். முதுகு வளைத்து, மூச்சு வாங்க, பனியைத் தேய்க்கிறார்கள். தேய்த்த இடம் சற்றே சூடேறி உராய்வு குறைகிறது. நின்றுபோக இருந்த கல் இன்னும் சில அடி போகிறது, வளைவும் குறைகிறது. வேகமாக விட்டுவிட்ட கல்லை அவர்களால் பின்னுக்கு இழுக்க முடியாது. குறையை ஓரளவு நிரப்பலாம், மிகையைத் திருத்த முடியாது. கல்லைத் தொடவும் கூடாது. விட்டவரின் செயல் விட்டவருடையதாகவே இருக்கிறது. அதன் வழி மட்டும் சீராகிறது. திருவருள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறதென்று நான் நம்புகிறேன். நாம் விட்டுவிட்ட ஒன்றுக்கு முன்னால், நமக்காக யாரோ குனிந்து ஓடியிருக்கிறார்கள்.

ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கற்கள், ஆளுக்கு இரண்டு. முதலில் விடுபவர் தன் இரண்டையும் விட்டபின், மீதி ஆறும் மற்றவர்களுடையவை. அந்த ஆறுக்கும் அவர் துடைக்கிறார். அப்பர் பெருமான் உழவாரத்தோடு கோயில் முற்றத்தில் புல் செதுக்கியது என் நினைவுக்கு வருகிறது. நடந்து போகப்போகிறவர் யாரென்று அந்தக் கை கேட்டிருக்குமா?

துடைப்பவர்கள் கல்லின் அருகிலேயே ஓடுவதால் அதன் வேகம் அவர்களுக்குத் தெரியும். எதிர்முனையில், கல் போய்ச் சேர வேண்டிய வட்டத்துக்குள் நிற்கும் தலைவருக்கு வளைவு தெரியும். முழு உண்மை எவர் கண்ணிலும் இல்லை. அதனால்தான் அப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்: அவர் வளைவைச் சொல்ல, இவர்கள் வேகத்தைச் சொல்ல, இடையில் கல் போய்க்கொண்டிருக்கிறது. வட்டத்தில் நின்று வழி சொல்லும் தலைவராக ஒரு பெண் இருந்து கனடாவின் கலப்புப் பட்டத்தை வென்றது 2004இல்தான். ஷானன் கிளைப்ரிங்க் அந்த முதல் தலைவி. போட்டி தொடங்கி 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்திலேயே நின்று துடைத்தவரின் கண்ணையும் நம்ப வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள மனிதருக்கு அவ்வளவு காலம் ஆகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த நாள் வந்ததில் உண்மையான மகிழ்ச்சியும் உண்டு.

தொடாமல் பணி செய்வது எளிதல்ல. ஓடும் வேகத்தில் துடைப்பம் கல்லில் லேசாக உரசிவிடும். பல நேரம் உரசியவரைத் தவிர வேறெவருக்கும் அது தெரியாது. அவரே உடனே சொல்லிவிட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் தர்மம்; நேர்மையற்று வெல்வதைவிடத் தோற்பது மேல் என்று விதிநூலின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கல் எதிர்முனை வட்டத்துக்கு முன்னுள்ள கோட்டைக் கடந்தபின் உரசியிருந்தால், என்ன செய்வதென்று முடிவெடுப்பது எதிரணி. கல்லை எடுத்துவிடச் சொல்லலாம். நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம். உரசாமல் இருந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, எதிரியின் கல்லைத் தம் கையாலேயே அந்த இடத்தில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரவும் அவர்களுக்கு உரிமை உண்டு.