கடைசிக் காதம்

1498 மே 20. கோழிக்கோட்டுக்கு வடக்கே நங்கூரம் போட்ட வாஸ்கோடகாமா தானே முதலில் கரையேறிவிடவில்லை. மறுநாள், செத்தாலும் கணக்கில் வராத ஆள் ஒருவனை அனுப்பிவைத்தார். இந்த வேலைக்கென்றே போர்ச்சுகலிலிருந்து தண்டனைக் கைதிகள் சிலரைக் கப்பலில் ஏற்றி வந்திருந்தார்கள். பத்து மாதம் கடலில் அலைந்து ‘கண்டுபிடித்த’ நாட்டில் அந்தக் கைதியை எதிர்கொண்டவர்கள் துனிஸ் ஊர்க்காரர்கள் இருவர். அவனுக்குப் புரிகிற பாஷை அவர்களுக்குப் பேச வந்தது. நீயெல்லாம் எங்கே இங்கே வந்து தொலைந்தாய் என்கிற தோரணையில்தான் முதல் பேச்சே தொடங்கியது.

கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி முன்னால் காமா கம்பீரமாக நிற்கும் படங்களைவிட எனக்கு இந்தக் கைதியைத்தான் பிடித்திருக்கிறது. தெரியாத நாட்டுக்கு வந்தோம் என்று நினைத்தவன், அங்கே ஏற்கெனவே எல்லோரும் வந்துபோய்க்கொண்டிருப்பதை முதலில் தெரிந்துகொண்டவன் அவன்.

*

தர்மபுரி ஜில்லாப் பாலக்கோட்டிலிருந்து எந்தக் கடலைப் பார்ப்பதானாலும் ஒரு பகல் போக வேண்டும். இங்கே கப்பலைப் பற்றி யோசிக்க ஒரு காரணமும் இல்லை, தக்காளி மண்டியைத் தவிர.

விடிகாலையில் போனால் பஞ்சப்பள்ளி, மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த விலை பேச்சு. மேல் வரிசையில் நல்ல காயாக அடுக்குவது சம்சாரியின் சாமர்த்தியம். வியாபாரி அதைப் பார்ப்பதே இல்லை. கையை அடிவரை விட்டு ஒரு பழத்தை உருவி, காம்புக் குழிக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்துவார். தோல் உள்ளே போய்த் திரும்பி எழுகிறதா, அங்கேயே பள்ளமாக நிற்கிறதா என்பதில் இருக்கிறது அன்றைய விலை. எழுந்தால் கேரளா லாரி தாங்கும். நின்றால் உள்ளூர்தான்.

2023 ஜூலையில் கடைகளில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றபோது இந்தப் பழத்துக்கு வந்த மரியாதை ஒரு தினுசு. பறிக்கிற கூலிகூடத் தேறாமல் சாலையோரம் கொட்டிப்போகிற மாதங்களில் மாடு முகர்ந்துவிட்டு நகரும். இரண்டையும் பார்த்த ஊர் இது.

தக்காளியின் காட்டு இனங்கள் ஆண்டிஸ் மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. தோட்டப் பயிராக்கியவர்கள் மெக்சிகோ பகுதி மக்கள். 1519இல் ஸ்பெயின்காரர் கோர்த்தேஸ் அங்கே இறங்கிய பிறகுதான் ஐரோப்பா அதைப் பார்த்தது. 1544இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் தன் மூலிகை நூலில் எழுதினார். ஐரோப்பாவில் வெகுகாலம் அதை விஷச்செடியோடு சேர்த்துத்தான் சந்தேகப்பட்டார்கள்.

*

மண்டியையும் பக்கத்துக் காய்கறிக் கடைகளையும் மனசுக்குள் காலி செய்து பார்ப்பேன். 1492க்கு முன்னால் இந்த மண்ணில் இல்லாததை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். தக்காளி போயிற்று. மிளகாய் போயிற்று. நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, உருளை, கொய்யா, பப்பாளி, சீதாப்பழம். பூக்கடையில் செண்டுமல்லி. மிச்சம் நிற்பது கத்தரி, அவரை, மொச்சை, கொள்ளு, எள், தேங்காய், மா, புளி. மூட்டையாக ராகி.

ராகியையும் விட்டுவைக்க முடியாது. அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர். காமாவுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே வந்து சேர்ந்துவிட்டது. தர்மபுரி ஜில்லாவில் களி கிண்டாத கிராமத்து வீடு அபூர்வம்; அந்த ராகியைக் கொண்டுவந்த கப்பலுக்கு மட்டும் பெயரில்லை, மாலுமிக்குப் பெயரில்லை, புறப்பட்ட தேதி இல்லை. சொந்தப் பயிர் என்று நாம் சொல்வதில் பாதி, வந்த கதை மறந்துபோன பயிர்.

*

கொலம்பஸ் தேடியது மிளகை. கிடைத்தது மிளகாய். மிளகைவிட இது உசத்தி என்று 1493 ஜனவரியில் குறித்துக்கொண்டார். 1506இல் சாகும்வரை தான் தொட்டது ஆசியாவின் விளிம்பு என்ற நம்பிக்கையை அவர் விடவில்லை. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு உண்டு. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் யாரும் அவருக்குக் கப்பல் கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

போர்ச்சுகல் தளபதி கப்ரால் கதை வேறு. 1500 மார்ச்சில் பதின்மூன்று கப்பல்களோடு கோழிக்கோட்டுக்குத்தான் கிளம்பினார். காற்றுக்காக மேற்கே ஒதுங்கிப் போனதில் ஏப்ரல் 22 அன்று பிரேசில் தட்டுப்பட்டது. மண்டிக்குப் போகிற வழியில் மரவள்ளியின் நாட்டை மிதித்துவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். தெற்கே புயலில் நான்கு கப்பல்கள் முழுகின. அதில் ஒன்றில் இருந்தவர் பார்த்தலோமியு தியாஸ். 1488இல் ஆப்பிரிக்காவின் தென்முனையை முதலில் சுற்றிய அதே மனிதர். தான் திறந்த வாசலிலேயே போனார்.

*

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக நினைக்க வேண்டியிருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வரும்போது காமாவிடம் வழி தெரிந்த மாலுமி ஒருவர் இருந்தார். ஏறக்குறைய மூன்று வாரத்தில் கடலைக் கடந்தார்கள். திரும்பும்போது அப்படி யாரும் இல்லை. கோபத்தோடு ஆகஸ்ட் கடைசியில் கோழிக்கோட்டை விட்டவர்கள், அக்டோபர் முதல் வாரத்தில் அஞ்சதீவிலிருந்து திறந்த கடலில் இறங்கினார்கள். வாடைக்காற்று பிடிப்பதற்கு இன்னும் நாள் இருந்தது. மலபார்க் கரைச் சிறுவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஒரு நாள் எதிர்க்காற்று, ஒரு நாள் காற்றே இல்லாமை என்று ஏறத்தாழ மூன்று மாதம். ஈறு வீங்கிப் பல்லை மூடியது. சாப்பிட முடியவில்லை. கால்கள் பருத்தன. முப்பது பேர் அளவுக்கு அந்த ஒரு கடப்பிலேயே செத்தார்கள். மிச்சமிருந்த ஆட்கள் மூன்று கப்பலை ஓட்டக் காணாது என்று ஒன்றை அவர்களே கொளுத்தினார்கள். காமாவின் அண்ணன் பாவுலு ஊர் போய்ச் சேரவில்லை.

தினம் ஒரு எலுமிச்சம்பழம் அந்த ஈறுகளைக் காப்பாற்றியிருக்கும். கோழிக்கோட்டிலா அதற்குப் பஞ்சம்? எதைத் தேடி வந்தோம் என்பது அத்தனை தெளிவாக இருந்தால், பக்கத்தில் இருப்பது சரக்காகவே தெரியாது போல.

*

கப்பல் கதைகள் எல்லாம் கரையில் நின்றுவிடுகின்றன. கரையிலிருந்து பாலக்கோடு வரைக்குமான தூரத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. மிளகாய் விதையும் தக்காளி விதையும் மாதாகோயில் தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம், உப்பு வண்டியில் ஒட்டிக்கொண்டு மலையேறியிருக்கலாம், யாரோ துப்பிய இடத்தில் முளைத்திருக்கலாம். அந்தக் கடைசிக் காதத்துக்குத் தேதி கிடையாது.

அதன் முடிவில் ஓர் அடுப்பு இருக்கிறது. சிவப்பாக, வழவழவென்று, பழமா காயா என்று சொல்ல முடியாத ஒன்றை நறுக்கி முதன்முதலில் குழம்பில் போட்ட பெண் யாரோ. வீட்டில் என்ன பேச்சு வாங்கினாளோ. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் அவள் பிழைத்துக் கிடக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் தானும் போட்டிருப்பாள். தென்முனையைச் சுற்றியதற்குக் குறைந்த துணிச்சல் இல்லை இது என்பது என் கட்சி.

எல்லா வீட்டிலும் இவற்றை உடனே உள்ளே விட்டுவிடவில்லை. திவசச் சமையலில் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு மூன்றையும் சேர்க்காத குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. காரத்துக்கு மிளகு. கறிக்கு வாழைக்காய், பாகல், புடல், சேப்பங்கிழங்கு. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். உயிரோடு இருக்கிற நாம் மெக்சிகோவைச் சாப்பிடுகிறோம். முன்னோர்களுக்கு மட்டும் கொலம்பஸுக்கு முந்தின சாப்பாடு பரிமாறப்படுகிறது. நூலகத்தில் இல்லாத சரித்திரம் இலையில் இருக்கிறது.

*

கரையைத் தாண்டி இந்த ஊர் வரைக்கும் வந்த வெளியாட்களும் உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. இந்தப் பகுதியும் அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளக்கக் கிளம்பினார்கள். 1799 வரை நடந்த வேலை. சம்சாரியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே உருவானதுதான். அவர்களுக்கு இது தெரியாத நாடு. வரப்புக் கல் ஒவ்வொன்றையும் அறிந்த சம்சாரி அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். தர்மபுரியில் போட்ட தோட்டத்தை விட்டுப் போக மன்றோவுக்கு மனசில்லை. பிற்பாடு சென்னை கவர்னரானார். இடத்தை அளக்க வந்து இடத்திடம் மாட்டிக்கொண்டவர் என்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு.

*

தெற்கே பெரிய கண்டம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று ஐரோப்பா நம்பியது. அதைத் தேடி 1642இல் டாஸ்மனும், 1769இல் குக்கும் நியூசிலாந்தைத் தொட்டார்கள். 1830களில் அங்கே இருந்த மிஷனரி வில்லியம் கொலென்சோ, வாங்கரேய் பக்கத்தில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். பாத்திரமில்லை, உடைந்த மணி. மேலே தமிழ் எழுத்து: முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காற்றில் விழுந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்ததாக அந்த மாவோரிகள் சொன்னார்களாம்.

எந்தக் கப்பல், யார் கொண்டுபோனது என்று ஆராய்ச்சிக்காரர்கள் வெகுவாக மண்டையை உடைத்துக்கொண்டாயிற்று. எனக்கு உருளைக்கிழங்கில்தான் கண். தென் அமெரிக்கக் கிழங்கு, ஐரோப்பியக் கப்பல் இறக்கியது, தமிழ் மணியில், மாவோரி அடுப்பில். கொலென்சோ ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். சட்டி நிச்சயம் பெரிதாக இருந்திருக்கும். அந்தப் பெண்களுக்கு லாபமான வியாபாரம்தான்.