சமையலறை இல்லாத வீடு

போன மாதம் ஒரு பொய் எழுதினேன். மரக்காணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, முனிச் நகரத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரருக்கு: 'எங்கள் மகள் அமைதியான குழந்தை.'

அங்கே வாடகைக்கு வீடு பிடிப்பதும் வேலைக்கு விண்ணப்பிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், கூடவே நாம் யார் என்று ஒரு கடிதம். புகைப்பதில்லை, நாய் பூனை இல்லை, வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லை. இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டே வந்த வேகத்தில் மகளின் சத்தத்தையும் இல்லையென்று எழுதிவிட்டேன். அவளுக்கு ஐந்து வயது. அவள் கூடத்தில் ஓடினால் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும்.

வாடகையில் அங்கே இரண்டு கணக்கு. வீட்டுக்கு மட்டும் கொடுப்பது 'குளிர் வாடகை'. கணப்பு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தால் 'சூட்டு வாடகை'. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகை வரை கேட்கலாம். நிறைய வீடுகளில் சமையலறை கிடையாது. அதாவது அறை இருக்கும், சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். வீடு கிடைத்தால்தான் முகவரி பதிய முடியும். முகவரி பதிந்தால்தான் மற்ற காகிதங்கள் நகரும். அந்தக் காகிதங்கள் கையில் இருப்பவருக்குத்தான் வீடு கொடுக்க விரும்புவார்கள். நிரல் எழுதும் எங்கள் உலகத்தில் இதற்கு டெட்லாக் என்று பெயர்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் மனதில் தங்கியது.

"அடுப்பே இல்லாத வூட்ட எவன்டா வூடுன்னு சொல்றது?"

நான் பள்ளி படித்தது திண்டிவனத்தில். இங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமார். நீதிபோதனை வகுப்பில் ஒரு வாத்தியார் அந்தக் கதையைச் சொல்லாத வருடம் இல்லை. 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, திண்டிவனம் மிஷன் பங்களாவின் கதவை மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தட்டுகிறார்கள். மூன்று பேரின் மனைவியரும் பிரசவ வேதனையில். பங்களாவில் ஒரு டாக்டர் இருக்கிறார், ஆனால் ஆண். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று அவருடைய மகளை அழைக்கிறார்கள். அவளுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அந்த மகள்தான் ஐடா ஸ்கட்டர். அமெரிக்கா போய், 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் 1902இல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி.யின் கதை.

விமான டிக்கெட் போட்ட ராத்திரி தூக்கம் வராமல் இந்தக் குடும்பத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வாத்தியார் சொல்லாமல் விட்ட பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அது ஐடாவின் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது. உண்மையில் அதற்கும் கொஞ்சம் முன்னால்.

1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்திறங்கிய முதல் மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டைவிட்டுப் போகச் சொன்னது. இன்றைய மொழியில், விசா மறுப்பு. அதில் சாமுவேல் நியூவெல் என்ற இளைஞரும் அவர் மனைவி ஹாரியட்டும் மொரீஷியஸ் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஹாரியட் அப்போது கர்ப்பிணி. கடலிலேயே குழந்தை பிறந்து, கடலிலேயே இறந்தது. தீவுக்குப் போன கொஞ்ச நாளில், நவம்பர் 30 அன்று, ஹாரியட்டும் இறந்தார். வயது 19.

ஆறு வருடம் கழித்து, 1818இல், அதே நியூவெல் கோர்டன் ஹால் என்பவருடன் சேர்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். உலகத்தில் அறுபது கோடிப் பேர் காத்திருக்கிறார்கள், புறப்பட்டு வாருங்கள் என்று அழைக்கும் நூல். நியூயார்க்கில் ஜான் ஸ்கட்டர் என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் இந்த நூல் கிடந்தது. எடுத்துப் படித்தார். நல்லபடி ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு, 1819 ஜூன் 8 அன்று பாஸ்டனில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார். கூட மனைவி ஹாரியட் (இவரும் ஹாரியட்தான்), மரியா என்ற கைக்குழந்தை.

மாதக்கணக்கான பயணம். அக்டோபரில் கல்கத்தா. கரையேறிய சில நாள்களில் மரியா இறந்தாள்.

இந்த இடத்தில் நான் நிறுத்தி லேப்டாப்பை மூடினேன். பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையோடு அப்படி ஒரு கடற்பயணம் போகக் கூடாது என்று யாரும் சொல்லாமல் இருந்திருப்பார்களா? நியூவெல் குடும்பத்துக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஹாரியட் நியூவெல்லின் வாழ்க்கைக் குறிப்பு அந்தக் காலத்தில் பதிப்பு பதிப்பாக விற்ற புத்தகம். தெரிந்தேதான் போனார்கள். சொல்லப்போனால், அந்தச் சாவுதான் பலரைப் போகத் தூண்டியது.

குழந்தையைப் புதைத்துவிட்டு அவர்கள் இலங்கைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பிரச்சினைக்கு ஒரு விசித்திரமான தீர்வு இருந்தது. போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துப் பழைய தேவாலயங்களும் பாதிரியார் வீடுகளும் கூரையில்லாமல் இடிந்து கிடந்தன. பிரிட்டிஷ் அரசு அவற்றை அமெரிக்கர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்தது. ஸ்கட்டர் குடும்பத்துக்குக் கிடைத்தது பண்டத்தரிப்பு. முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போன சமையலறையை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு சாம்ராஜ்யமே காலி செய்துவிட்டுப் போன வீடு.

எல்லோருக்கும் அதுவும் கிடைக்கவில்லை. 1820இல் ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுக்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆட்சியில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இனி அமெரிக்கர் யாரும் வேண்டாம் என்று அவரைத் தீவைவிட்டு அனுப்பிவிட்டார். ஆளைக் கேட்டு வரவழைத்திருக்கிறார்கள், வந்த பிறகு கதவு சாத்தியாயிற்று. இப்போதும் நண்பர்கள் வாட்ஸப்பில் சொல்லும் கதைகள் இதிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

என் கேள்விக்கு வருகிறேன். ஒருவருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அல்லது என்னைப் போல நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள முடியாத ஓர் ஆசை. அதற்கான விலையை இன்னொருவர், அதுவும் சம்மதம் சொல்லத் தெரியாத ஒருவர், கொடுக்க வேண்டியிருந்தால் அதை வாங்கலாமா?

எங்கள் தொழிலில் பழகியவனுக்கு உடனே ஒரு பதில் வரும். எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். சென்னையிலேயே, ஓ.எம்.ஆர். நெரிசலில், அந்தக் காற்றில் மகளை வளர்ப்பதற்கும் அவள் சம்மதம் சொல்லவில்லையே. பெற்றோர் எதைச் செய்தாலும் குழந்தைக்காக முடிவெடுக்கத்தான் வேண்டும். தர்க்கம் சரி. ஆனால் இந்தத் தர்க்கம் எந்த முடிவுக்கும் பொருந்துகிறது, அதுதான் உதைக்கிறது. எல்லா உள்ளீட்டுக்கும் 'சரி' என்று திருப்பித் தரும் ஒரு சோதனையை நான் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது பதில் வாத்தியாருடையது. பலனைப் பார். தாத்தா புறப்படாவிட்டால் பேத்தி ஏது, வேலூர் ஏது? என் பெரியம்மாவின் இதய ஆபரேஷன் நடந்தது அந்த ஆஸ்பத்திரியில். அதனால் இந்தப் பதிலைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் 'மாரல் லக்' என்ற கட்டுரையில் இதைத்தான் நோண்டினார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையத் தஹிதி போகும் கோகான் (வரலாற்றுக் கோகான் அல்ல, உதாரணத்துக்கான கோகான்) செய்தது நியாயமா? புறப்படும்போது அவருக்கே தெரியாது. நியாயம் கிடைத்தால் அது வெற்றியிலிருந்துதான் கிடைக்கும். வெற்றி அவர் கையில் மட்டும் இல்லை. அப்படியே கிடைத்தாலும், கைவிடப்பட்டவர்களுக்கு அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. வில்லியம்ஸ் அந்தக் கடைசி வாக்கியத்தை விடாமல் பிடித்திருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலூரில் எத்தனை குழந்தைகள் பிழைத்தாலும் மரியாவின் கணக்கில் ஒன்றும் வரவாகாது. அவளுக்கு அது தெரியவே தெரியாது.

இங்கே கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவதுதான் தவறு என்றால், விட்டுவிட்டுப் போயிருக்கலாமே? அதையும் செய்தார்கள். அந்த மிஷன் குடும்பங்களில் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி விடுவது வழக்கம். இண்டஸ் கப்பலில் ஸ்கட்டரோடு வந்தவர் மைரன் வின்ஸ்லோ. அவர் மனைவி ஹாரியட் (மூன்றாவது ஹாரியட், என்ன செய்வது) 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி தொடங்கியவர். அவர்கள் மகன் சார்லஸ் அப்படி அனுப்பப்பட்டு, போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் இறந்தான். 1833 ஜனவரியில் தாயும் போய்விட்டார். 1862இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் அகராதியை நான் வருடக்கணக்காகப் பயன்படுத்துகிறேன். இதைப் படித்த பிறகு அதில் ஒரு சொல்லைத் தேடும்போது பழைய மாதிரி இருப்பதில்லை.

ஐடாவும் பதின்வயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டவள்தான். அப்பா முதலில் இந்தியாவுக்குத் திரும்பினார், பிறகு அம்மாவும் போனார். தான் ஒருபோதும் மிஷனரி ஆவதில்லை என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். திண்டிவனத்துக்கு அவள் வந்தது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று. வாத்தியார் அந்த மூன்று கதவுத் தட்டல்களைச் சொன்னார். அந்தப் பெண் ஏன் திரும்பிப் போக நினைத்தாள் என்பதைச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கதையின் பாதி.

அம்மாவிடம் இதைச் சொன்னேன், முழுக்க இல்லை, குழந்தை செத்துப்போனதை மட்டும்.

"நான் மட்டும் ஒன்ன எங்க உட்டுட்டுப் போனேன்? அளத்துக்குத் தூக்கிக்கினுதான் போனேன். வரப்பு மேல குடைய விரிச்சு, துணியில படுக்க வெச்சிட்டு உப்பு சொமப்பேன். வெயில்ல மொகமெல்லாம் வெந்து பூடும் ஒனக்கு. போவலாமா வாணாமான்னு யாரு என்ன கேட்டா?"

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு: வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். பாத்தியில் இறுகிய உப்பை நீளக் கம்பு வைத்த பலகையால் வாரிக் குவிப்பார்கள். பெண்கள் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோவார்கள். எட்டு ஒன்பது மணிக்கே வெளிச்சம் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும், கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி மழை வந்தால் எல்லாம் முடிந்தது, வேலையும் கூலியும். அந்த வரப்பில் நான் படுத்திருந்ததற்கு யாரும் நியாயம் கேட்டதில்லை. தேவைக்குப் போகிறவர்களிடம் நாம் நியாயம் கேட்பதில்லை. விருப்பத்துக்குப் போகிறவர்களிடம்தான் கேட்கிறோம். அது சரிதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கரைக்கே இது பழைய விஷயம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்வார்கள். அதே நூலில், கொற்கைப் பக்கம், உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டியோடு வந்த ஒரு குரங்கு அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும் காட்சி ஒன்று உண்டு. குடும்பத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஆட்கள். பாணர் பார்த்தது பிள்ளைகளின் விளையாட்டை. வண்டியில் போகப் பிடித்திருந்ததா என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஸ்கட்டர் குடும்பம் மரியாவைக் கூட்டிக்கொண்டு போனது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்களை மன்னிக்கவோ தண்டிக்கவோ நான் யார்? எனக்கு அவர்களுடைய கடவுளும் இல்லை, அந்த உறுதியும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. அந்தக் கால மிஷன் குறிப்புகளில் ஒரு குழந்தை இறந்தால் அதற்கு விளக்கம் தயாராக இருக்கும். இறைவனின் சித்தம், பெரிய காரியத்துக்கான காணிக்கை. குழந்தையின் சாவு குழந்தையுடையதாக இருக்க விடாமல் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். இதைப் படித்துக் கோபப்பட்ட பிறகுதான், நானும் அதையே செய்துகொண்டிருப்பது உறைத்தது. சொந்தக்காரர் யார் கேட்டாலும் "பொண்ணோட ஃப்யூச்சருக்காகத்தான்" என்கிறேன். இல்லை. அந்தக் குழு செய்யும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, இங்கே அது கிடைக்காது, போக ஆசைப்படுகிறேன். அவள் பெயரில் நான் பில் போடுகிறேன்.

மனைவி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறாள். "நீங்க என்கிட்ட கேட்டீங்களா, சொன்னீங்களா?" அவள் வேலையை விட்டுவிட்டு வருகிறாள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த முனிச் வீட்டுக்காரர் பதில் போடவில்லை. நேற்று இன்னொருவருக்கு எழுதினேன். புகைப்பதில்லை, நாய் பூனை இல்லை. மகளைப் பற்றிய வரிக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டு, உன்னைப் பத்தி என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"எனக்கு ஆயா வேணும்னு எழுது."

வாடகை வீட்டு விண்ணப்பத்தில் அதை எழுத முடியாது என்றேன். ஏன் என்றாள். உள்ளேயிருந்து அம்மா, "எழுதுடா, எழுதினா என்னா?" என்றாள். கடைசியில், ஐந்து வயது, நன்றாக ஓடுவாள், கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்கும், தரைத்தளமாக இருந்தால் நல்லது என்று எழுதி அனுப்பினேன்.