ஆவுக்கு அறம், ஆவின் மருத்துவர்க்கு?

அறம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அன்னசத்திரமும், தண்ணீர்ப் பந்தலும், பசுவின் வாயில் வைக்கும் ஓர் அகத்திக்கீரைக் கட்டும் ஆகும். வாயில்லா உயிர்க்கு இரங்குதல் தமிழர்தம் உள்ளத்தில் ஊறிய பண்பு. கன்றை இழந்த பசு அசைத்த மணிக்குச் செவிசாய்த்த சோழனையும், கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரீந்த வள்ளலையும் சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளை வளர்த்து வருகிறோம். ஆயினும் இங்கே ஒரு வினா எழுகிறது. விலங்கின்மீது நாம் காட்டும் அருள், அதன் நோய் தீர்க்கக் கற்கும் மாணவர்மீதும், நாளெல்லாம் அந்நோயோடு போராடிக் களைத்துப்போகும் மருத்துவர்மீதும் செல்ல வேண்டுமா? அல்லது, அவர்கள் ஊதியம் பெற்றுத் தொழில் செய்வோர், ஆதலின் அறத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டோர் என்று விட்டுவிடலாமா? இதனையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

நம் முன்னோர் வகுத்த முப்பத்திரண்டு அறங்களை எண்ணிப் பார்ப்போம். பசுவுக்கு வாயுறை கொடுத்தல், தினவெடுத்த பசு உராய்ந்துகொள்ள ஆவுரிஞ்சு தறி நாட்டல், விலங்கிற்கு உணவளித்தல், ஏறு விடுத்தல், விலைகொடுத்து உயிர்காத்தல் என விலங்குகளைச் சார்ந்தன மட்டுமே ஐந்து. அதே வரிசையில் ஓதுவார்க்கு உணவு என்பதும் ஓர் அறம். நோய்க்கு மருந்து என்பதும் ஓர் அறம். தனித்தனியே நிற்கும் இவற்றை ஒரே சரட்டில் கோத்துப் பார்த்தால் கிடைப்பது என்ன? விலங்கின் நோய்க்கு மருந்து செய்யக் கற்பவனுக்குச் சோறிடுதல் என்னும் அறமே கிடைக்கிறது. புதிய பெயரில் வந்தாலும் இது பழைய அறமே. அசோக மன்னனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தன் ஆட்சிப் பரப்பில் மட்டுமன்றிச் சோழர், பாண்டியர் நாடுகளிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. இருவகை மருத்துவத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அவ்வுள்ளம் எண்ணத்தக்கது.

அண்மைக் காலத்தில் இவ்வறத்தை முழுமையாக உணர்ந்து செய்தவர் ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின் பம்பாய்ப் பார்சி வணிகர் சர் டின்ஷா மானக்ஜி பெட்டிட் அவர்களைச் சுட்டலாம். தம் மனைவியார் சக்கர்பாயின் பெயர் விளங்க, பரேல் பகுதியில் 1883-இல் விலங்கு மருத்துவமனை உருவாக அவர் பொருள் வழங்கினார். 1886-இல் அம்மருத்துவமனை வளாகத்திலேயே பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. நோயுற்ற விலங்குக்கு இடம் தந்த கொடை, நோய் தீர்க்கும் கல்விக்கும் இடம் தந்தது. ஒரு மாட்டுக்குப் புல் கொடுத்தால் அதன் ஒருநாள் பசி தீரும். ஒரு மாணவனுக்குக் கல்வி கொடுத்தாலோ அவன் வாழ்நாளெல்லாம் தொடப்போகும் ஆயிரமாயிரம் உயிர்களின் நோய் தீரும். கொடையின் அளவு ஒன்றாயினும் பயனின் அளவு ஒன்றன்று.

தென்னாட்டில் இக்கல்வியைப் பெரிதும் அரசே வளர்த்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் வேப்பேரியில் இருபது மாணவர்களோடு தொடங்கியது. நம் பெங்களூரில் ஹெப்பாள் கல்லூரி 1958-இல் பிறந்தது. 1991-இல் கிறிஸ்டல் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அம்மையார் இந்நகரில் தோற்றுவித்த கியூப்பா அமைப்பின் விலங்குக் காப்பகம் ஒன்றும் அக்கல்லூரி வளாகத்திலேயே அமைந்தது. அருளும் அறிவும் ஒரே மதிலுக்குள் வாழ்வது பரேலுக்கு மட்டும் உரியதன்று.

அருள் இருந்தால் போதாதா, அறிவு எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு விடை இந்நகரின் வரலாற்றிலேயே உண்டு. 1927-இல் உடல்நலம் தேறுவதற்காக இங்கு வந்து தங்கிய காந்தியடிகள், இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்குச் சென்று கால்நடை பேணும் முறையை மாணவர்போல் இருந்து கற்றார். பசுவைத் தாயாகப் போற்றிய அவருக்கு அன்பில் என்ன குறை? அன்பு மட்டும் பசுவைக் காவாது என்று அவர் அறிந்திருந்தார். 1761-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் கிளாடு பூர்கெலா உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவியபோதும் ஐரோப்பிய மாடுகளை வெக்கை நோய் வாரிக்கொண்டிருந்தது. அந்நோய் நம் நாட்டிலும் தொழுவங்களை வெறுமையாக்கியது. உழவன் ஏரை முடக்கியது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல், அது உலகினின்றே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அதனை ஒழித்தவை தடுப்பூசியும், அவ்வூசியை வெயிலில் ஊர் ஊராய்ச் சுமந்து சென்ற கால்நடை ஊழியர்தம் கால்களுமே. அவர்களுள் எவர் பெயரை நாம் அறிவோம்?

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். மருத்துவர் ஊதியம் பெறுகிறார். தனியார் தொழில் செய்வோர் கட்டணம் பெறுகிறார். அவர்க்கு எதற்கு அறக்கொடை என்பது முதல் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமே. ஆனால் கால்நடை மருத்துவத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. நோயாளி வேறு, பணம் கொடுப்பவர் வேறு. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்குப் பணம் கொடுப்பவரே இல்லை. ஒற்றைப் பசுவை நம்பி வாழும் ஏழைக்குக் கொடுக்க மனமுண்டு, கையில் காசில்லை. நோய் தீர்க்கலாம் என்று மருத்துவர் அறிவார். தீர்ப்பதற்கான பொருள் எவரிடமும் இல்லை என்பதையும் அறிவார். இந்த இடைவெளியை அவர் தம் காசாலும், தம் உறக்கத்தாலும், அதுவும் இயலாதபோது தம் மனச்சான்றின் வேதனையாலும் நிரப்புகிறார். அறக்கொடை நிரப்ப வேண்டிய பள்ளம் இதுவே.

அவர் பணியின் பயனை நாம் அனைவரும் நுகர்கிறோம் என்பதையும் மறத்தலாகாது. காலைக் காப்பிக்குப் பால் வாங்குபவர், வெறிநாய்க்கடி அச்சமின்றித் தெருவில் பிள்ளையை அனுப்புபவர் ஆகிய அனைவரும் அவர்க்குக் கடன்பட்டோரே. 1957-இல் சிவமொக்கா மாவட்டக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தபோதுதான் மனிதரைக் கொல்லும் காய்ச்சல் ஒன்று வெளிப்பட்டது. விலங்கின் நோயைக் கவனியாத ஊர் தன் நோயையும் கவனியாத ஊரே ஆகும். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் கால்நடைகள் 53 கோடிக்கும் மேல். ஐயாயிரம் கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண்மை ஆணையம் 1976-இலேயே கூறியது. அந்த அளவை எட்டினாலும் ஒருவர் தலையில் விழும் சுமை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாம் வாதம் சற்று நுண்ணியது. உயிர்க்காவல் புனிதத் தொண்டு; தொண்டு செய்வோர் தம் நலம் கருதலாகாது என்பது அது. தொண்டினை உயர்த்துவதுபோல் தோன்றும் இவ்வாதம் உண்மையில் தொண்டரைக் கைவிடுகிறது. தியாகம் என்பது ஒருவர் தாமே மேற்கொள்ளும்போது அறம். பிறர்மேல் நாம் சுமத்தும்போது அது சுரண்டலே அன்றோ? அலுவலகத்தில் எழுதுகோல் பிடிக்கும் எம் போன்றோர்க்கு மணி ஐந்தரை ஆனால் வீடு உண்டு. கோப்பு நாளைக்குக் காத்திருக்கும்; குறுக்கே திரும்பிக் கிடக்கும் கன்று காத்திராது. நள்ளிரவில் தொழுவத்துச் சேற்றில் மண்டியிட்டு அதனை வெளிக்கொணர்பவரிடம், உமக்குக் களைப்பே கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

களைப்பினும் கொடிது ஒன்றுண்டு. தீராத நோயில் துடிக்கும் விலங்குக்கு வலியற்ற முடிவைத் தருவதும் அவர் கடமையாகிறது. காலையில் ஓர் உயிரைக் காத்த கை, மாலையில் ஓர் உயிரை விடைகொடுத்து அனுப்புகிறது. உடையவர் அழுவார், மருத்துவர் அழலாகாது. அடுத்த நோயாளி வாயிலில் நிற்கிறது. இவ்வாறு அடக்கி அடக்கி வைத்த துயரம் எங்கே போகும்? அமெரிக்க நாட்டில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தோர், கால்நடை மருத்துவரிடையே தற்கொலை பொதுமக்களைவிட மிகுதி என்றும், ஆண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு, பெண்களிடம் மூன்றரை மடங்கு என்றும் கண்டனர். பிரிட்டனில் இத்தொழிலினர்க்கென்றே வெட்லைஃப் என்னும் அறநிறுவனம் தொலைபேசி வழி ஆறுதலும், இடர்ப்பட்டோர்க்குப் பொருளுதவியும் அளித்து வருகிறது. நம் நாட்டில் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசி 14416 எல்லார்க்கும் உரியது. அதனை வழிநடத்தும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நம் பெங்களூரிலேயே உள்ளது. ஆயினும் தொலைபேசியை எடுப்பதற்கு, துயரப்படுதல் இழிவன்று என்னும் எண்ணம் முதலில் வேண்டும். அவ்வெண்ணத்தைத் தருவது பணமன்று, சுற்றியுள்ள சமுதாயம்.

ஆகவே கொடை இருவகைப்படும் என்போம். ஒன்று பொருட்கொடை: வறிய மாணவர்க்குக் கட்டணமும் நூலும் விடுதிச் சோறும், உடையவரில்லா விலங்கின் மருந்துச் செலவுக்கு ஒரு நிதியும், பணியில் அடிபட்ட கால்நடை உதவியாளர் குடும்பத்துக்குத் துணையும். மற்றொன்று மதிப்புக்கொடை: மாட்டு டாக்டர் என்று இளக்காரமாகச் சொல்லும் நாக்கை அடக்குதல், காப்பாற்ற இயலாதபோது அவரைப் பழியாதிருத்தல், விழா மேடையில் கவிஞர்க்கும் கலைஞர்க்கும் போர்த்தும் பொன்னாடையில் ஒன்றை அவர்க்கும் போர்த்துதல். முன்னதற்குச் செல்வர் வேண்டும். பின்னதற்கு நாம் அனைவரும் போதும்.

பசவனகுடியில் ஆண்டுதோறும் கார்த்திகைக் கடைசித் திங்களன்று கடலைக்காய்த் திருவிழா நடைபெறுகிறது. கல்லில் வடித்த பெரிய நந்திக்கு உழவர் தம் முதல் விளைச்சலைப் படைத்து மகிழ்கின்றனர். அழகிய வழக்கம் அது, வாழ்க. அந்நாளில் கடலை வாங்கும் காசில் ஒரு பங்கை, உயிருள்ள நந்தியின் நாடி பிடிக்கக் கற்கும் ஓர் ஏழை மாணவனுக்கென்று எடுத்துவைப்போமாயின், கல்லுக்குச் செய்த வழிபாடு உயிருக்கும் சென்று சேரும். தமிழ்ச் சங்கங்கள் தமிழ் படிப்போர்க்கு வழங்கும் பரிசோடு இத்தகைய கட்டளை ஒன்றையும் நிறுவலாம். ஓதுவார்க்கு உணவும் விலங்கிற்கு மருந்தும் ஒருசேர நிகழும் அவ்வறம், முப்பத்திரண்டின் வழிவந்ததே ஆகும்.