ஆயிட்டு, ஆச்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், வீட்டுக்கார ஆச்சியோடு உட்கார்ந்து டிவியில் ‘மிஸ்ஸியம்மா’ பார்த்தோம். ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை.

கதை தெரியாதவர்களுக்காக: ஜமீன்தார் ஒருவர் தன் பள்ளிக்கூடத்துக்கு, கணவன் மனைவியாக இருக்கும் பட்டதாரி ஆசிரியர்கள்தான் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிறார். ஜெமினிக்கு வேலை இல்லை. கிறிஸ்தவப் பெண்ணான சாவித்திரிக்குக் கடன்காரன் தொல்லை. இரண்டு பேரும் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேர்கிறார்கள். இயக்கம் எல்.வி.பிரசாத், 1955 பொங்கலுக்கு வந்த படம். மூலம் ரவீந்திரநாத் மைத்ராவின் வங்க நாடகம். இந்த விளையாட்டு ஹாலிவுட்டிலும் உண்டு. 1934-ல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டில், தம்பதி என்று சொல்லி அறை எடுத்த இருவர், நடுவில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்குவார்கள்.

எங்களுக்குப் போர்வை தேவைப்படவில்லை, மொட்டை மாடி இருந்தது. வீடு கேட்டு வந்த அன்றைக்கு ஆச்சி கேட்டது ஒரே கேள்விதான்: “கல்யாணம் ஆயிட்டுல்லா?” நான் “ஆயிட்டு, ஆச்சி” என்றேன். ஆகவில்லை. அவள் கிறிஸ்தவப் பெண், நான் இந்து. வீட்டில் தெரிந்து அவள் வெளியேற வேண்டியதாகிவிட்டது. எங்கள் பெயர்கள் பதிவு அலுவலக அறிவிப்புப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன, சட்டம் சொல்கிற 30 நாளும் முடியவில்லை. டவுனில் வாங்கிய மஞ்சள் கயிறு அவள் கழுத்தில் கிடந்தது. நான் மாடியில் பாய் விரித்தேன். “கீழ ஒரே புழுக்கம்” என்று ஆச்சியிடம் சொன்னது இரண்டாவது பொய். தாமிரபரணிக் காற்று அடிக்கிற மார்கழியில்!

இந்தப் பொய் தப்பா? அன்றைக்குத் தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று நிற்பவனிடம் தாலியைப் பற்றிக் கேட்டால், பொய்யில் பாதி கேட்டவர் கணக்கில்தான் சேரும். ஜமீன்தாரின் விளம்பரமும் அப்படித்தான். பாடம் நடத்தக் கல்யாணம் எதற்கு? வள்ளுவரே பொய்க்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் அது தருகிற நன்மை குற்றமில்லாததாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நான் வசதியாக மறந்துபோகிற பாதி அது.

படத்தில் எனக்கு வலித்த இடம் சீமந்தக் காட்சி. சாவித்திரி கர்ப்பமாக இருப்பதாக நினைத்து, ஜமீன்தார் வீட்டில் ஆசையாக ஏற்பாடு செய்கிறார்கள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தியேட்டரில் சிரித்திருப்பார்கள். எனக்கோ, தனக்கு வராத அன்பைத் தன் கையில் திணிக்கிறார்களே என்கிற பதற்றம்தான் அந்த முகத்தில் தெரிந்தது. எங்கள் ஆச்சியும் அப்படித்தான். மழை வந்தால் ஓடிப்போய் எங்கள் துணியை எடுத்து மடித்து வைப்பாள். சொதி வைத்தால் ஒரு தூக்குச்சட்டி மேலே வரும். முதல் நாள் சொன்ன பொய் அன்றோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தூக்குச்சட்டியோடும் அதைத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படம் இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறது? காலில் இருக்கிற ஒரு மச்சத்தால். மேரிதான் சிறுவயதில் தொலைந்துபோன ஜமீன்தார் மகள் மகாலட்சுமியாம்! பொய்யும் மன்னிக்கப்படுகிறது, மதமும் தடையில்லாமல் போய்விடுகிறது. இத்தனைக்கும் மதம் மாறாமலே மணந்துகொள்ள வழி செய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரி 1. படம் வந்தது அதே மாதம் 14. சட்டத்தால் முடிந்தது கதைக்கு முடியவில்லை. இன்னொரு வேடிக்கை, ஜெமினியும் சாவித்திரியும் அப்போது நிஜத்தில் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஜெமினிக்கு அதற்கு முன்பே ஒரு குடும்பமும் இருந்தது. தம்பதியாக நடிக்கிறவர்களாக நடித்த தம்பதி. அவர்கள் மறைத்த பொய்க்கு வெளியே என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது மச்சத்தில் தீர்கிற கதை இல்லை.

மச்சம்தான் படத்தைக் கெடுத்தது என்பது என் கட்சி. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “அவங்க மச்சத்தப் பாக்குறதுக்கு முந்தியே அவள மகளா வச்சிட்டாங்க. நீதான் பயந்துக்கிட்டு மச்சத்தத் தேடுத” என்றாள். 30 நாள் முடிந்து கையெழுத்துப் போட்டு ஒரு வருஷமாகப் போகிறது. இப்போது நாங்கள் உண்மையிலேயே தம்பதி. ஆச்சியிடம் சொல்லிவிடலாம் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது என்று நான்தான் தள்ளிப்போடுகிறேன்.

படம் முடிந்ததும் ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தப் பிள்ள அவுக மகளா இல்லாட்டாலும் வச்சிக்கிட்டுத்தான் இருந்திருப்பாக, என்ன?” என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டை எடுத்து விளம்பரத்தின் சத்தத்தைக் குறைத்தேன்.